பி12 ஊசி போட்டும் மறுபடி குறைகிறதா? காரணம் சாப்பாட்டில் இல்லாமல் இரைப்பையில் இருக்கலாம்

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வருகிறது. வைட்டமின் பி12 என்ற வரியில் 160 என்று இருக்கிறது. பக்கத்தில் கீழே பார்த்த மாதிரி ஒரு சின்ன அம்புக்குறி. டாக்டரிடம் காட்டினால் முதல் கேள்வி, "நீங்க வெஜிடேரியனா?" இல்லை, வாரத்தில் இரண்டு நாள் சிக்கன், தினமும் முட்டை என்கிறீர்கள். "சரி, ஊசி போட்டுக்கோங்க." ஐந்து ஊசி போட்டாச்சு. மறுபடி டெஸ்ட் எடுத்தால் 900. சந்தோஷம், விஷயம் முடிந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அதே சோர்வு, காலில் அதே மரத்துப்போன உணர்வு, ரிப்போர்ட்டில் அதே அம்புக்குறி.

இந்தச் சுற்றில் நீங்கள் இரண்டாவது முறையாக மாட்டியிருந்தால், யாரோ ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். பி12 ஏன் குறைந்தது? சாப்பாட்டில் போதுமான அளவு இருந்தும் அது ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், நடுவில் எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது. அதற்கான காரணங்களில் முக்கியமான ஒன்று ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ். நம் நோய் எதிர்ப்பு மண்டலமே இரைப்பைச் சுவரைத் தாக்கும் நோய் இது. வந்தால் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். ஆனால் கண்டுபிடித்துவிட்டால், இதோடு வாழ்வது நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கஷ்டம் இல்லை.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

கறி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். பிரிந்த பி12-ஐச் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கூட்டிக்கொண்டு போக 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்ற இன்னொரு புரதம் வேண்டும். அங்கே இருக்கும் வாசல் இந்த ஜோடியைத்தான் உள்ளே விடும். தனியாக வரும் பி12-இல் சுமார் 1 சதவீதம் மட்டும் எப்படியோ நழுவி உள்ளே போகும். இந்த 1 சதவீதத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமிலம், இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இரண்டையும் சுரப்பவை ஒரே செல்கள். இரைப்பையின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இருக்கும் பேரைட்டல் செல்கள். அமிலத்தை வெளியே தள்ள இந்தச் செல்களில் ஒரு 'பம்ப்' இருக்கிறது. அசிடிட்டிக்கு நாம் விழுங்கும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகள் நிறுத்திவைப்பது இந்தப் பம்ப்பைத்தான். ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பம்ப்பையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. வருஷக்கணக்கில் தாக்குதல் நடக்க நடக்க, செல்கள் அழிந்து இரைப்பையின் உள்சுவர் மெலிந்துபோகிறது. அமிலம் குறையும், இன்ட்ரின்சிக் ஃபேக்டர் குறையும், கடைசியில் பி12 உள்ளே போகும் வழி மூடிவிடும்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் வரும் ரத்தசோகைக்கு 'பெர்னிஷியஸ் அனீமியா' என்று பெயர். உயிரைக் குடிக்கும் ரத்தசோகை என்று அர்த்தம். ஒரு காலத்தில் அந்தப் பெயர் அப்படியே பொருந்தியது. இப்போது பொருந்தாது.

அசைவம் சாப்பிட்டாலும் வருமா?

வரும். சொல்லப்போனால், வெறும் உணவுப் பற்றாக்குறையைவிட இதில் பி12 சீக்கிரமாகக் காலியாகும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 சுமார் 2 முதல் 2.5 மைக்ரோகிராம். நம் உடம்பு 2 முதல் 5 மில்லிகிராம் வரை சேமித்து வைத்திருக்கும், பெரும்பகுதி ஈரலில். அதாவது ஆயிரம் நாளைக்கு மேல் தாங்கும் ஸ்டாக். தவிர, பித்தநீர் வழியாகக் குடலுக்குள் வரும் பி12-ஐ உடம்பு மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சுத்த சைவத்துக்கு மாறியவருக்குக்கூடக் குறைபாடு தெரியப் பல வருஷம் ஆகிறது. ஆனால் மறுபடி உறிஞ்சவும் அதே இன்ட்ரின்சிக் ஃபேக்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் தட்டில் இருப்பதும் போச்சு, பித்தத்தில் வருவதும் போச்சு.

இந்தியாவில் இது ஏன் தப்பிவிடுகிறது?

ஏனென்றால் இங்கே பி12 குறைவு ரொம்ப சாதாரணம். புனேயில் 441 நடுத்தர வயது ஆண்களிடம் நடந்து, 2006-இல் வெளியான ஆய்வில் 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவாக இருந்தது. 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து சர்வேயில், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 31 சதவீதம் பேருக்குக் குறைபாடு. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாப்பாடுதான். அதனால் டாக்டர் அப்படி ஊகிப்பதில் தப்பில்லை. ஊகத்தைச் சரிபார்க்காமல் விடுவதில்தான் சிக்கல்.

ரத்தசோகைக் கணக்கிலும் இதே கதை. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேயின்படி, 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 25 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. ஆனால் அந்த சர்வே விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபினை மட்டுமே அளக்கிறது. எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. பாதி நாட்டுக்கு இருக்கும் பிரச்சினை என்பதாலேயே, ஒரு பெண்ணுக்கு ரத்தசோகை என்றால் "பீரியட்ஸ்ல ரத்தம் போகுது, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இன்னொரு காரணம், இது வட ஐரோப்பிய முதியவர்களின் நோய் என்று பாடப்புத்தகங்கள் ரொம்ப நாள் சொல்லிவந்தன. ஆனால் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாததால் பி12 உறிஞ்ச முடியாத இந்திய நோயாளிகளைப் பற்றி பம்பாய் மருத்துவர்கள் 1972-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இளம் வயதில் வராது, இந்தியர்களுக்கு வராது என்ற இரண்டு எண்ணமும் தவறு.

அறிகுறிகள் என்ன?

இதில்தான் பெரிய முரண் இருக்கிறது. ஆரம்பத்தில் பலருக்கு எதுவுமே தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது நாம் "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லும் அதே ரூபத்தில் வரும். நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு இரண்டிலேயே வயிறு நிறைந்துவிடும். சாப்பிட்டபின் உப்புசம், ஏப்பம், குமட்டல். உடனே மெடிக்கல் ஷாப்பில் ஒரு அசிடிட்டி மாத்திரை வாங்குவோம். ஆனால் இந்த நோயில் அமிலம் குறைவாக இருப்பதுதான் பிரச்சினை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் பெரும்பாலும் பலன் இருக்காது. கேட்கலையே என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பதிலாக, அங்கேயே நின்று டாக்டரைப் பாருங்கள்.

மற்ற அறிகுறிகள் வயிற்றுக்கு வெளியே இருக்கும்:

• எவ்வளவு தூங்கினாலும் போகாத சோர்வு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி உதிர்வது.

• நாக்கு சிவந்து வழுவழுப்பாகி எரிவது, வாய்ப்புண்.

• இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது, மரத்துப்போவது. இருட்டில் அல்லது கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது தள்ளாட்டம்.

• ஞாபக மறதி, கவனம் சிதறுவது, காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு. இதை வேலை அழுத்தம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவதை அலட்சியம் செய்யவே கூடாது. பி12 இல்லாமல் நரம்புகளின் மேலுறையும் முதுகுத் தண்டும் பாதிக்கப்படும். ரத்தசோகை சில வாரங்களில் சரியாகிவிடும். நரம்பு அப்படி இல்லை, ரொம்ப நாள் விட்டுவிட்டால் முழுசாகத் திரும்பாது. ஹீமோகுளோபின் நார்மலாக இருக்கும்போதே நரம்புப் பாதிப்பு தொடங்கவும் வாய்ப்பு உண்டு.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

'எம்சிவி' என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுக்களின் சராசரி அளவு அது. நார்மல் 80 முதல் 100. இரும்புச் சத்து குறைந்தால் அணுக்கள் சிறிதாகும், பி12 குறைந்தால் பெரிதாகும்.

இந்த நோயில் இரண்டுமே குறையும். நாம் சாப்பிடும் கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்பை உறிஞ்ச அமிலம் தேவை என்பதால், இளம் வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, முதலில் இரும்புதான் குறையும். பி12 குறைவு பல வருஷம் கழித்து வந்து சேரும். இப்போது ஒரு கணக்கு: பாதி அணுக்கள் 70, பாதி அணுக்கள் 110 என்றால் சராசரி என்ன? 90. ரிப்போர்ட்டில் எம்சிவி பக்கத்தில் அம்புக்குறியே இருக்காது. ஆனால் உண்மையில் ஒரு அணுகூட 90 அளவில் இல்லை.

டேட்டாவோடு வேலை செய்கிற யாருக்கும் இது தெரிந்த பாடம்தான், சராசரியை மட்டும் நம்பாதே, பரவலைப் பார். ரிப்போர்ட்டில் அந்தப் பரவலைச் சொல்லும் வரி 'ஆர்டிடபிள்யூ'. எம்சிவி நார்மல், ஆர்டிடபிள்யூ அதிகம், கூடவே சோர்வு என்றால், இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பி12 எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பொதுவாக 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு, 200-300 சந்தேக எல்லை. எல்லையில் இருந்தால் மெத்தில்மெலோனிக் ஆசிட், ஹோமோசிஸ்டீன் டெஸ்ட்கள் உதவும். பி12 செல்லுக்குள் வேலை செய்யவில்லை என்றால் இவை ஏறியிருக்கும். இன்னொரு சிக்கல், இந்த நோயில் உருவாகும் ஆன்டிபாடிகள் சில லேப் இயந்திரங்களின் பி12 டெஸ்ட்டையே குழப்பி, பொய்யாக நார்மல் என்று காட்டவைக்கும். எண் நார்மல், அறிகுறி மட்டும் அப்படியே இருக்கிறது என்றால், அறிகுறியை நம்புங்கள்.

முக்கியமாக, டெஸ்ட் எடுக்கும் முன்பே ஊசியோ மாத்திரையோ ஆரம்பித்துவிட்டால் எண் ஏறிவிடும். அப்புறம் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கடும் நரம்புப் பாதிப்பு இருந்தால் ரத்தம் எடுத்த கையோடு சிகிச்சையை ஆரம்பிப்பார்கள், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

எப்படி உறுதி செய்வார்கள்?

மூன்று படி.

1. ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி இருந்தால் நோய் கிட்டத்தட்ட உறுதி. ஆனால் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது தென்படும், எனவே நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேரைட்டல் செல் ஆன்டிபாடி பெரும்பாலானவர்களுக்கு இருக்கும், ஆனால் நோய் இல்லாத சிலருக்கும் இருக்கும்.

2. கேஸ்ட்ரின் டெஸ்ட். அமிலம் குறைந்தால் 'இன்னும் சுர' என்று இரைப்பைக்குக் கட்டளையிடும் கேஸ்ட்ரின் ஹார்மோன் எகிறும். அசிடிட்டி மாத்திரையும் இதை ஏற்றும் என்பதால், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. எண்டோஸ்கோபியும் பயாப்ஸியும். இரைப்பையின் நடுப்பகுதியிலிருந்தும் கீழ்ப்பகுதியிலிருந்தும் தனித்தனியாகச் சதை எடுத்து, தனித்தனிக் குப்பியில் லேபுக்கு அனுப்ப வேண்டும். மேலே பாதிப்பு, கீழே நன்றாக இருக்கிறது என்ற அமைப்புதான் இந்த நோயின் அடையாளம். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுவிட்டால் அந்தத் தகவல் கலைந்துபோகும். எண்டோஸ்கோபிக்கு முன் இதை டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் இரைப்பைச் சுவரை மெலியவைக்கும். இந்தியாவில் அது பரவலாக இருக்கிறது. அதையும் சேர்த்துச் சோதித்து, இருந்தால் சிகிச்சை எடுக்க வேண்டும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், நீண்டகால அசிடிட்டி மாத்திரைகள், கிரோன்ஸ், சீலியாக் போன்ற குடல் நோய்கள் ஆகியவையும் பி12-ஐக் குறைக்கும் என்பதால் அந்தப் பட்டியலையும் டாக்டர் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்.

சிகிச்சை: ஊசியா, மாத்திரையா?

அழிந்த செல்களைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் குறைவதை நிரப்ப வழி இருக்கிறது, அதுவும் மலிவாக.

தசையில் போடும் பி12 ஊசி குடலைத் தாண்டி நேராக உள்ளே போகிறது. ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அல்லது வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று அல்லது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. எந்த வகை மருந்து, எந்த இடைவெளி என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். இந்தியாவில் மெத்தில்கோபாலமின் ஊசிதான் அதிகம் கிடைக்கிறது. வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும் என்பதால்தான் அது பழுப்புக் குப்பியில் வருகிறது, வீட்டில் வாங்கி வைத்தால் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

மாத்திரை வேலை செய்யுமா? முன்பு சொன்ன அந்த 1 சதவீதம் இங்கே வருகிறது. 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் 1 சதவீதம் என்றால் 10 மைக்ரோகிராம். தினத்தேவையான 2.5-ஐவிட அதிகம். அதனால் அதிக டோஸ் மாத்திரையைத் தினமும் தவறாமல் எடுத்தால் பலருக்குப் போதும். சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் சில மைக்ரோகிராமில் 1 சதவீதம் எதற்கும் காணாது. நரம்புப் பாதிப்பு இருந்தால் ஊசிதான் முதல் தேர்வு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ் காரணமாக வரும் குறைபாட்டுக்கு ஆயுள் முழுக்க ஊசியையே பரிந்துரைக்கிறது.

இதில் பலரும் தவறுவது மூன்று இடத்தில்.

முதலாவது, 900 வந்ததும் நிறுத்துவது. அந்த 900 நேற்றுப் போட்ட ஊசியின் எண். ஊசி சிகிச்சை தொடங்கியபின் பி12 டெஸ்ட்டை அடிக்கடி எடுப்பதில் அர்த்தமில்லை. அறிகுறி, ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் ஆகியவற்றைத்தான் பின்தொடர வேண்டும்.

இரண்டாவது, ஃபோலிக் ஆசிட்டை மட்டும் எடுப்பது. ரத்தசோகை சரியாவது மாதிரித் தெரியும், ஆனால் உள்ளுக்குள் நரம்புப் பாதிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, 'நரம்புச் சத்து' என்று கடையில் கொடுக்கும் கலவை மாத்திரைகளைக் கேட்காமல் வருஷக்கணக்கில் விழுங்குவது. அவற்றில் பல பி6-ம் கலந்தவை. பி6 அதிக டோஸில் நீண்டகாலம் போனால் அதுவே நரம்பைப் பாதிக்கும்.

சிகிச்சை தொடங்கினால் ஒரு வாரத்தில் புது அணுக்கள் உருவாகத் தொடங்கும், இரண்டு மாதத்துக்குள் ஹீமோகுளோபின் பெரும்பாலும் தேறிவிடும். அப்போது உடம்பு இரும்பை வேகமாகச் செலவழிக்கும் என்பதால் சோர்வு பாதியிலேயே நின்றுவிட்டால் ஃபெரிட்டினைப் பாருங்கள். இரும்பு மாத்திரை கேட்காவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். கால் எரிச்சல் குறையப் பல மாதம் ஆகும். சிலருக்கு முதல் சில வாரம் கூடுதலாகக்கூடத் தெரியும், பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

என்ன சாப்பிடலாம்?

இந்த நோயைக் குணமாக்கும் டயட் என்று ஒன்று இல்லை. "தினமும் நாலு முட்டை சாப்பிடு, ஈரல் சாப்பிடு, சரியாகிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் வாசலே மூடியிருக்கும்போது தட்டை நிரப்பிப் பிரயோஜனம் இல்லை. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் இருக்கும் பி12-ஐ நம்பி ஊசியைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். சீலியாக் நோய் இல்லாதவர்கள் கோதுமையை நிறுத்தவும் தேவையில்லை.

உதவக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். இந்த நோயில் இரைப்பை மெதுவாகக் காலியாகலாம், எனவே மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி உணவு கூட இருந்தால் இரும்பு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். அமிலம் என்பது கிருமிகளுக்கு எதிரான முதல் காவல் என்பதால், அது குறைந்தவர்களுக்கு வயிற்றுத் தொற்று எளிதாக வரும். வெளியூர்ப் பயணத்தில் தண்ணீரிலும் பச்சைச் சட்னியிலும் கவனம்.

கூடவே வேறு நோய் வருமா?

ஆட்டோஇம்யூன் நோய்கள் தனியாக வருவது குறைவு. இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு பிரச்சினையும் இருக்கும். டைப் 1 சர்க்கரை நோய், விட்டிலிகோ எனப்படும் வெண்திட்டுகள் ஆகியவையும் சேர்ந்து வருவதுண்டு. எனவே இந்த நோய் உறுதியானால் தைராய்டு டெஸ்ட் எடுக்க வேண்டும். மாறாக, உங்களுக்குத் தைராய்டு பிரச்சினை இருந்து, மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறது என்றால் இரைப்பையைச் சந்தேகிக்கலாம். தைராக்ஸின் மாத்திரை கரைந்து உறிஞ்சப்படவும் அமிலம் தேவை.

கேன்சர் பயம்?

கூகுள் செய்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான், அதனால் நேராகப் பேசிவிடுவோம். மெலிந்துபோன இரைப்பைச் சுவரில் கட்டிகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். எகிறிய கேஸ்ட்ரின் தூண்டுவதால் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் இந்த நோயில் பெரும்பாலும் சிறியவை, மெதுவாக வளர்பவை. எண்டோஸ்கோபி மூலமே எடுத்துவிடலாம். இரைப்பைப் புற்றுநோய்க்கான ஆபத்தும் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது வருவதில்லை.

செய்ய வேண்டியது கண்காணிப்பு. சுவர் அதிகம் மெலிந்தவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபியைப் பரிசீலிக்கலாம் என்கிறது அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். உங்களுக்கு எத்தனை வருஷம் என்பது பயாப்ஸி முடிவையும் குடும்ப வரலாறையும் பொறுத்தது. திடீரென எடை குறைவது, கருப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, விழுங்கக் கஷ்டம் ஆகியவை இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

கர்ப்பம், அறுவை சிகிச்சை

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே பி12-ஐயும் ஃபெரிட்டினையும் சரிசெய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தில் ஃபோலிக் ஆசிட் எல்லோருக்கும் கொடுப்பார்கள், பி12-ஐத் தனியாகக் கேட்டால்தான் உண்டு. தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் குறையும், அதன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

எந்த ஆபரேஷனுக்கு முன்னும், பல் சிகிச்சைக்கு முன்னும், மயக்க மருந்து நிபுணரிடம் உங்கள் நோயைச் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு வாயு உடம்பில் இருக்கும் பி12-ஐச் செயலிழக்கச் செய்யும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு அது திடீர் நரம்புப் பாதிப்பைக் கொண்டுவரும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது?

மறைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான அதிகபட்சக் காத்திருப்புக் காலத்தை ஐஆர்டிஏஐ 2024-இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்துவிட்டது. சொல்லி எடுத்தால் மூன்று வருஷத்தில் கவர் உண்டு. மறைத்து எடுத்தால், பெரிய செலவு வரும் நேரத்தில் க்ளைம் நிராகரிக்கப்படலாம். ஊசி, ரத்தப் பரிசோதனை போன்ற வெளிநோயாளிச் செலவுகள் பெரும்பாலான பாலிசிகளில் வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். கம்பெனியின் குரூப் பாலிசி பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்களையும் கவர் செய்யும், ஆனால் வேலை மாறினால் அது போய்விடும். அதனால் சொந்தப் பாலிசியின் 36 மாதக் கடிகாரத்தைச் சீக்கிரம் ஓடவிடுவது நல்லது.

நூறு வருஷத்துக்கு முன்பு

1926 வரை இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அந்த வருஷம் பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற டாக்டர்கள், லேசாக வெந்த ஈரலைத் தினமும் நிறையச் சாப்பிடவைத்தால் நோயாளிகள் எழுந்து நடக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். நாயை வைத்து அதற்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து 1934-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்த பொருள் பி12 என்று பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்.

அதே ஊரில் வில்லியம் கேஸில் என்ற இளம் டாக்டர் வேறொன்றைக் கேட்டார்: ஆரோக்கியமானவர்கள் இவ்வளவு ஈரல் சாப்பிடுவதில்லையே, அவர்களுக்கு ஏன் இந்த நோய் வரவில்லை? மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு, தன் வயிற்றில் பாதி செரித்ததை வெளியே எடுத்து, குழாய் வழியாக நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் தேறினார்கள். வெறும் இறைச்சி கொடுத்தபோது தேறவில்லை. ஆக, குறை சாப்பாட்டில் இல்லை, வயிறு சுரக்க வேண்டிய ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று புரிந்தது. அதுதான் இன்ட்ரின்சிக் ஃபேக்டர்.

அதாவது 'நல்லாச் சாப்பிட்டும் ஏன் குறையுது?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிவிட்டது. 2020-களின் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அதைக் கேட்காமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

இன்றே செய்யக்கூடியது

கடைசி ஐந்து வருஷ ரிப்போர்ட்களை எடுங்கள். ஒரு ஷீட்டில் ஆறு பத்தி போடுங்கள்: தேதி, ஹீமோகுளோபின், எம்சிவி, ஆர்டிடபிள்யூ, ஃபெரிட்டின், பி12. ஊசி, மாத்திரை எடுத்த தேதிகளை ஓரத்தில் குறியுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் பார்க்கும்போது தெரியாதது, வரிசையாக வைத்தால் தெரியும். ஊசி போட்டதும் ஏறி, நிறுத்தியதும் இறங்குகிறதா? மாத்திரை எடுத்தும் ஃபெரிட்டின் ஏறவே இல்லையா? அந்த ஒரு பக்கத்தை இரைப்பை-குடல் நிபுணரிடம் கொண்டுபோய், "பி12 ஏன் குறையுது டாக்டர்? ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

நோய் இல்லை என்று வந்தால் நிம்மதி. இருக்கிறது என்று வந்தால், போன் காலண்டரில் அடுத்த ஊசித் தேதியைப் போட்டு, 'மீண்டும் மீண்டும்' என்பதை ஆன் செய்யுங்கள். முடிவுத் தேதி என்ற இடத்தைக் காலியாக விடுங்கள்.